ரவுண்டு பஸ்ஸும் அம்மாவின் குரலும்

அன்பு மகள் சுண்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம், இதை ஒப்புக்கு எழுதவில்லை, எதிரே கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருக்கிறவளை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ புருவத்தைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், நடுவில் அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான். அதனால் நிதானமாக உட்கார்ந்து முழுவதும் படி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

அம்மாவின் கழுத்திலிருந்த கட்டியை எடுத்தாயிற்று, பரிசோதித்துப் பார்த்ததில் பயப்படும்படியான கட்டி இல்லை என்று மாமா உனக்குச் சொன்னதெல்லாம் நூற்றுக்கு நூறு உண்மை. இத்தனை நாளாக அவள் ஏன் போனை எடுக்கவில்லை என்பதைத்தான் அவன் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று அவனைத் தடுத்தது அம்மாதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். கட்டி குரல் நரம்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறது, "எடுத்தே ஆகணும்மா, ஆனா எடுத்ததுக்கு அப்புறம் குரல் பழையபடி இருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். அதற்கு உன் அம்மா, "நான் பேசலேன்னா என் கடைல ஜிப்பு யாரு டாக்டர் வாங்குவாங்க" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார், அவளும் சிரித்தாள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உனக்கே தெரியும், நம் சலூனுக்கும் அவளுடைய நூல் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கத்தரி சத்தத்துக்கு நடுவிலேயே அவள் யாரிடம் பேரம் பேசுகிறாள், யாருக்குக் கடன் இல்லை என்கிறாள், யாரிடம் ஊர்க்கதை கேட்கிறாள் என்று சொல்லிவிடுவேன். அவள் உரக்கக் கூப்பிட்டால் என் நாற்காலியில் இருக்கிற ஆள் சட்டென்று தலையைத் திருப்புவார், எத்தனை பேருடைய கிருதா அவளால் ஒரு பக்கம் ஏறிப்போயிருக்கிறது தெரியுமா. அந்தக் குரல் இல்லாத சுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவளைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள், ஆண்கள் அங்கே தங்கக் கூடாதாம், மாமா நம் ஊரிலிருந்து எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். நான் லாட்ஜுக்குக் கிளம்பும்போது அம்மா தோட்டைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, போனையும் சேர்த்து என் பையில் போட்டாள். "காலைல வெள்ளன வந்துடுங்க, உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசணும்" என்றாள். இப்போதே சொல்லேன் என்றேன். "இப்ப சொல்ல மாட்டேன், வந்தாத்தான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரவுண்டு பஸ்ஸில் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடும் என்பதை மட்டும் வார்டு சிஸ்டரிடம் கேட்டு எனக்குச் சொன்னாள். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போய் வந்தவள் அவள். நான் கூடப் போனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னலைப் பார்த்தபடி பின்னாலேயே நடப்பேன், எந்தத் தெருவில் திரும்பினோம் என்று கேட்டால் விழிப்பேன். தலை முடி எந்தப் பக்கம் சுழி என்று தொடாமலே சொல்லுவேன், ஊரில் எந்தப் பக்கம் கிழக்கு என்று கேட்டால் மட்டும் மேலே பார்ப்பேன்.

மறுநாள் விடியும்போதே குளித்துத் தயாராகிவிட்டேன். லாட்ஜுக்கு முன்னால் பெரிய சாலை, வாசலை ஒட்டியே ஒரு நிறுத்தம். அங்கே டீக்கடைக்காரரிடம் ரவுண்டு பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்று கேட்டேன், "போகும்" என்றார். வரிசையில் நின்ற ஒருவரிடம் கேட்டேன், அவரும் போகும் என்றார். பஸ் வந்தது, நெற்றியில் கொட்டை எழுத்தில் நகரச் சுற்று என்று போட்டிருந்தது, ஏறும்போதே கண்டக்டரிடமும் கேட்டேன், "போகும், ஏறுங்க ஏறுங்க" என்றார். மூன்று பேர் சொல்லியாயிற்று, ஜன்னல் ஓரமாக இடமும் கிடைத்தது, எனக்கு ஒரே பெருமை, என்னால் தனியாக வர முடிந்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் வசனம்கூடத் தயார் செய்துகொண்டேன். முந்தின சாயங்காலம் வாடகைக் கார்க்காரர் என்னை லாட்ஜில் விட்டபோது வழியில் ஓர் ஆற்றுப் பாலம் வந்தது, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே லாட்ஜ். அதனால் பாலத்தையே எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வந்தது, ஒரு தொழிற்சாலை மதில் வந்து முடியாமல் போய்க்கொண்டே இருந்தது, சீருடைப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள், பாலத்தை மட்டும் காணோம். பக்கத்தில் ஓர் அம்மா தையல் மெஷினின் தலைப்பாகத்தைத் துணியில் சுற்றி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார், ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார் போல. அவரிடம் பாலம் எப்போது வரும் என்று கேட்டேன். "பாலமா, அது கடைசியா வரும்ங்க, நீங்க எங்க போகணும்" என்றார். ஆஸ்பத்திரி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "போகும்தான், ஆனா ஊர் முழுக்கச் சுத்திட்டுப் போகும், நீங்க எதிர்ச்சாரில நின்னு ஏறியிருக்கணும், அந்தப் பக்கம் ஏறியிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பீங்க" என்றார். கேட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை மகளே, வட்டமாக ஓடுகிற வண்டி எந்தப் பக்கம் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் செய்யும், எப்போது போகும் என்று நான்தான் கேட்கவில்லை.

உட்கார்ந்தே இருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்றார் அந்த அம்மா. இறங்குகிறேன் என்று எழுந்தேன். கண்டக்டர், "இறங்கினா அடுத்த வண்டி எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்க, பேசாம உக்காருங்க, எப்படியும் கொண்டு விட்டுடுவோம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் உட்கார்ந்திருந்தால் தாமதம் நிச்சயம், இறங்கினால் தப்பிக்க ஒரு வழியாவது இருக்கிறது, அதனால் இறங்கிவிட்டேன். தையல் மெஷின் அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நடைபாலத்தைக் காட்டிக்கொண்டே போனார். சாலைக்கு நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பித் தடுப்பு, படியேறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும், என் முழங்காலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்று அதுவும் வாயைத் திறக்கவில்லை. படி உச்சியில் நின்று, எதற்கும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடலாம், வந்துகொண்டே இருக்கிறேன், சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொல்லு என்று கேட்டுவிடலாம் என்று அவள் எண்ணை அழுத்தினேன். என் தோள் பையிலேயே மணி அடித்தது. அவளுடைய போனை நான்தானே வைத்திருந்தேன். அந்த மணி நிற்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் சுண்டு, என் வாழ்க்கையில் அப்படி ஓர் இடத்தில் நான் நின்றதில்லை. அப்புறம் இறங்கி அந்தப் பக்கத்து நிறுத்தத்துக்கு ஓடினேன். முதலில் வந்த பஸ் நிற்காமலே போய்விட்டது, உள்ளே எள் போட இடமில்லை. கை காட்டிய வாடகை வண்டிகளில் எல்லாம் ஆள். அடுத்த பஸ்ஸும் நிறைந்துதான் வந்தது, ஆனால் ஒருவர் இறங்குவதற்காக ஓரம் கட்டியது, நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் சம்சாரம் ஆபரேஷனுக்குப் போறா, கொஞ்சம் நகருங்க" என்று கத்தினேன். நகர்ந்தார்கள். ஒருவர் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பாலம் வந்தது.

வார்டுக்கு மூச்சு வாங்கப் போய் நின்றால் கட்டில் காலி, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்ததுமே, "ரவுண்டு பஸ்ஸா" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க, உள்ள வர மாட்டேன்னு கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒரே சண்டை, டாக்டரே வந்து கூப்பிட்டாரு. அப்புறம்தான் விட்டாங்க. அவரு தப்பான பக்கம் ஏறியிருப்பாரு, எப்படியும் வந்துடுவாரு, வந்தா அவரைத் திட்டாதீங்க, உக்கார வச்சுத் தண்ணி குடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றார். சொன்னபடியே தண்ணீரும் கொடுத்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு, சுவரெல்லாம் வெளிறிய பச்சை. அங்கே உட்கார்ந்து அவள் போனை எடுத்தேன், உனக்கு அவள் பேசி அனுப்பிய பதிவுகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தட்டினேன், நீ சட்டை அளவைத் தப்பாக அனுப்பியதற்கு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன். குரல் போனவர்களின் பழைய பதிவைக் கேட்பது மாதிரி நான் எதற்குக் கேட்க வேண்டும், அவள் உள்ளே இருக்கிறாள், வெளியே வருவாள், பேசத்தான் போகிறாள் என்று போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அந்தப் பெஞ்சில்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன், அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவராமல் இந்த ஊரைவிட்டு நான் கிளம்பப் போவதில்லை.

கண் விழித்த இரண்டாம் நாள் அவளுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. ஒரு பக்கத்து நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது, அறுபடவில்லை, பயிற்சி செய்தால் திரும்பலாம், கரகரப்பு மிஞ்சினாலும் மிஞ்சலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்றாய் என்று நான் கேட்டேன், மனதை அரித்துக்கொண்டே இருந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினாள், ஒண்ணும் இல்லை, உள்ளே கூட்டிப் போகும் வரை பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன், கேட்க ஆள் வேண்டுமே என்று. நான் அந்தப் பக்கம் திரும்பி ஜன்னல் கதவைச் சரி செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது கீழே போய் ரவுண்டு பஸ்ஸில் ஏறினேன். ஒரு சுற்று இந்தப் பக்கமாக, இறங்கி மறு சுற்று அந்தப் பக்கமாக. நிறுத்தம் நிறுத்தமாகப் பார்த்தேன், எது முன்னால் வருகிறது எது பின்னால் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார், போகட்டும். இந்த ஊர் என்னை ஒரு தடவை சுற்ற விட்டது, இரண்டாவது தடவை விட மாட்டேன். இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் திருப்பத்தை வைத்தே இடம் சொல்லுவேன், நேற்று ஒரு கைக்குழந்தைக்காரியை நானே கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்குக் கொண்டுபோய் விட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அம்மா ஊருக்குப் போகலாம் என்றுதான் எழுதினாள். பயிற்சிக்குத் தினமும் வர வேண்டும், நாலு பேர் முன்னால் ஆ ஊ என்று காற்றை ஊதிக்கொண்டு உட்கார அவளுக்கு வெட்கம். மூன்றாம் நாளே சிலேட்டைச் சுவரோரமாக வீசிவிட்டாள், ஒரு மூலை உடைந்தது. நான் கடையை நினைத்தும் கலங்கத்தான் செய்தேன், ஆனால் கடை மூடியிருந்தால் ஊரார் தலையில் முடி வளராமலா இருக்கும், எல்லாம் எனக்காக வளர்ந்துகொண்டுதான் இருக்கும். நீ இன்றைக்கு வரவில்லை என்றால் நான் மட்டும் போய் உனக்குப் பதிலாக ஆ ஊ சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அன்றிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமையான பெண், நெஞ்சில் கையை வைத்து அதிர்வு வருகிறதா பார் என்பாள், வராது, மறுபடி என்பாள். வாரம் போய் வாரம் வந்தது, காற்றுதான். போன செவ்வாய்க்கிழமை இடைவேளையில் அந்தப் பெண் பேச்சுவாக்கில் கடையில் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டாள். அம்மா சிலேட்டை எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, பட்டன், நூல், ஜிப் எல்லாம், பட்டன் எல்லாம் குரோஸ் கணக்கில்தான் வாங்குவோம், ஒரு குரோஸ் என்றால் பத்து டஜன் என்று அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "தப்பு" என்றது. நானும் அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தோம். அம்மா கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் கோபமாக, "பன்னெண்டு" என்றாள். அப்புறம்தான் தான் பேசியது அவளுக்கே தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் எழுந்து குதித்தே விட்டாள். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் காகிதம் நனைந்துவிடும், அதனால் எழுதவில்லை. அன்றிலிருந்து நான் தினமும் வேண்டுமென்றே எதையாவது தப்பாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உன் பிறந்தநாளைத் தப்பாகச் சொன்னேன், அவள் தம்பியின் உயரத்தைத் தப்பாகச் சொன்னேன், வரிசையாகத் திருத்துகிறாள். நேற்று முழுதாக ஒரு வாக்கியம் வந்தது, "வேணும்னே பண்றீங்கன்னு எனக்குத் தெரியும்".

இதைப் படித்ததும் வேலையை உதறிவிட்டு விமானம் ஏறுகிறேன் என்று கிளம்பாதே. சேர்ந்து வருடம்கூட ஆகாத வேலை, நீ கஷ்டப்பட்டு வாங்கியது. இங்கே நீ வந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை, தினமும் பஸ் ஏறி உட்கார வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கார் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளை மாமாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், அவருக்கு என் அன்பைச் சொல், கார் வேண்டாம் என்றும் சொல். பஸ்ஸில் அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கிறது, காரில் ஓட்டுநரின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். நீயும் அங்கே புது இடம் எங்கே போனாலும் இந்த வண்டி போகுமா என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறாதே, எந்த வழியாகப் போகும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கேட்டுக்கொள், கேட்பதற்குக் கூச்சப்படாதே, இரண்டு பேரிடம் கேட்டாலும் தவறில்லை. போன வாரம் எடுத்த படத்தில் இளைத்துத் தெரிகிறாய், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. பழைய பதிவுகளை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள், ஆனால் எதையும் இப்போது அம்மாவுக்கு அனுப்பாதே, பழைய குரலோடு ஒப்பிட்டுப் பார்த்து அவள் மனம் விட்டுவிடக் கூடாது.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவே உனக்குப் போன் செய்வாள், நான் எண்ணை அழுத்திக் கொடுப்பேன், பேசுவது அவள்தான். குரல் கனமாக, ஆண்குரல் மாதிரி இருக்கும், இடையிடையே அறுந்து அறுந்து வரும், ஒரு வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திரு. அழுதாலும் சத்தம் கேட்காமல் அழு. யார் பேசுவது என்று மட்டும் கேட்டுவிடாதே, எடுத்த உடனே அம்மா என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
லாட்ஜ் மாடி அறையிலிருந்து